வில்லங்கமுள்ள வீடுகள்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் புனைவில் கோதிக்

வில்கி காலின்ஸ் 1851இல் லண்டனில் வழக்கறிஞராகப் பதிவானார். ஷெரிடன் லெ ஃபானு அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே டப்ளினில் பதிவாகியிருந்தார். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1875இல் எடின்பரோவில் கறுப்பு அங்கி வாங்கினார். பிராம் ஸ்டோக்கர் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 1890இல், அதே வரிசையில் வந்து நின்றார். நால்வரில் ஒருவரும் வாதாடிப் பிழைக்கவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் சட்டம் படித்தவரல்லர். ஆனால் பதினைந்து வயதில் வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிறகு நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளராக உட்கார்ந்து, கட்டுகளின் தூசியை மற்ற நால்வரையும்விட அதிகமாகச் சுவாசித்தவர். ஆங்கிலப் பயங்கரக் கதைகளில் இன்றும் வாசகர் நினைவில் நிற்பவற்றில் பெரும்பகுதி இந்த ஐவரிடமிருந்து வந்தது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

இலக்கிய வரலாறுகள் கோதிக் கூறுகளைச் சொல்லும்போது பாழடைந்த மாளிகை, சுரங்கவழி, புயல், அணைந்துபோகும் மெழுகுவத்தி, பரம்பரைச் சாபம் என்று அடுக்கிக்கொண்டு போகும். அடுக்குவதில் தவறில்லை; ஆனால் அது மேடைச் சாமான்களின் கணக்கு. கதைக்குள் யாரை யார் எதற்காக அடைத்துவைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், பதில் அநேகமாக ஒரு தாளில் இருக்கிறது. உயில், திருமண ஒப்பந்தம், அடமானப் பத்திரம், மருத்துவச் சான்று, தேவாலயப் பதிவேட்டில் ஒரு வரி. அந்த நூற்றாண்டின் பிரிட்டிஷ் கோதிக் தன் அச்சத்தைச் சட்டத்திடமிருந்து கடன் வாங்கியது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அயர்லாந்து அப்போது பிரிட்டனோடு ஒரே அரசாக இருந்ததால் டப்ளின்காரர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

வகையின் மூலநூலிலேயே இதற்கு வித்து இருக்கிறது. ஹொரேஸ் வால்போலின் ‘தி காசில் ஆஃப் ஒட்ராண்டோ’ 1764 கிறிஸ்துமஸ் காலத்தில், பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்ற பொய்யோடு வந்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்ட வால்போல் அதற்குக் ‘கோதிக் கதை’ என்று துணைத்தலைப்பு வைத்தார். கல்யாண நாளன்று வானத்திலிருந்து ராட்சசத் தலைக்கவசம் விழுந்து வாரிசு நசுங்கிச் சாகிறான் என்பதுதான் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குக் காரணமான குற்றத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோட்டையை ஆளும் மான்ஃபிரெடின் பாட்டன் உண்மையான உரிமையாளரை நஞ்சு வைத்துக் கொன்று, போலி உயில் தயாரித்துக் கோட்டையை எடுத்துக்கொண்டவன். ஆன் ராட்கிளிஃபின் ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடோல்ஃபோ’ (1794) நாவலில் மோன்டோனி தன் மனைவியைக் கோபுரத்தில் அடைத்துவைப்பது அவள் பெயரிலிருக்கும் நிலங்களை எழுதி வாங்குவதற்காக. அவள் கையெழுத்துப் போடாமலே செத்துப்போகிறாள். அடுத்து மருமகள் எமிலியின் முறை. ராட்கிளிஃப் தன் கதைகளில் அநேகமாக எல்லாப் பேய்களுக்கும் கடைசியில் இயற்கையான காரணம் சொல்லிவிடுவார். கறுப்புத் திரைக்குப் பின்னாலிருந்த பயங்கரம் மெழுகுப் பொம்மை என்று தெரியவரும். மோன்டோனி நீட்டிய பத்திரத்துக்கு மட்டும் அப்படி விளக்கம் தேவைப்படவில்லை. அது முதலிலிருந்தே நிஜம்.

ஆனால் இவையெல்லாம் இத்தாலியில், பழைய காலத்தில், கத்தோலிக்கத் துறவிகளுக்கு நடுவே நடந்தவை. கணப்படுப்பருகே உட்கார்ந்து படிக்கும் ஆங்கிலேயர் நம் ஊரில் இப்படி நடக்காது என்று நிம்மதியாகப் பயப்படலாம். அந்த நிம்மதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மெல்ல மெல்லப் பறித்தது.

முதலில் பறித்தவர் ஜேன் ஆஸ்டின், அதுவும் சிரித்துக்கொண்டே. ‘நார்த்தாங்கர் ஆபி’யை அவர் 1803இல் பத்துப் பவுனுக்கு விற்றார். வாங்கிய பதிப்பாளர் அச்சிடவில்லை. 1816இல் அதே தொகையைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. நூல் வெளிவந்தபோது ஆஸ்டின் உயிரோடில்லை. கதாநாயகி கேத்தரின் ராட்கிளிஃபின் நாவல்களைப் படித்துப் படித்து மனம் ஊறிப்போனவள். விருந்தாளியாகப் போன பழைய மாளிகையில், புயலடிக்கும் இரவில், கறுப்பு அலமாரிக்குள் ஒரு காகிதச் சுருள் அகப்படுகிறது. விளக்கு அணைகிறது, நடுங்கிக்கொண்டே விடியும்வரை கிடக்கிறாள். காலையில் பார்த்தால் அது சலவைக் கணக்கு. கோதிக்கை ஆஸ்டின் கேலி செய்து முடித்துவிட்டார் என்று இந்த இடத்தை வைத்துத்தான் சொல்வார்கள். நாவலை முடிவுவரை படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. மாளிகையின் எசமானர் ஜெனரல் டில்னி, கேத்தரின் சந்தேகித்ததுபோல் மனைவியைக் கொன்றவர் அல்லர். ஆனால் கேத்தரின் பணக்காரி அல்ல என்று தெரிந்த மறுகணமே அவளைத் துணையின்றி, விடியற்காலையில், எழுபது மைல் பயணத்துக்கு வெளியே அனுப்புகிறார். ஆஸ்டின் பேயை விரட்டிவிட்டு வில்லனை வைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்த கணக்குத்தாள் தீங்கற்றது. ஜெனரலின் மனத்திலிருந்த வரதட்சிணைக் கணக்குதான் மாளிகையின் ரகசியம்.

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ இந்த வரிசையில் சற்று விலகி நிற்கிறது. சொத்தைப் பற்றிய கதையல்ல அது. இருந்தாலும் அதன் அடியில் ஒரு சட்டக் கேள்வி உண்டு: பிணம் யாருக்குச் சொந்தம்? இங்கிலாந்தின் பொதுச்சட்டப்படி யாருக்கும் இல்லை. புதைத்த உடலைத் தோண்டி எடுத்தால் அது திருட்டாகாது. உடலைச் சுற்றியிருந்த துணியை எடுத்தால் திருட்டு. 1752ஆம் ஆண்டுச் சட்டம் கொலைகாரர்களின் உடல்களை அறுத்துப் பார்க்க மருத்துவர்களுக்குக் கொடுத்தது. 1803 ஜனவரியில் நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபாஸ்டரின் உடலில் இத்தாலியரான ஜியோவானி ஆல்தினி மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. நாவல் 1818 ஜனவரி முதல் நாள், ஆசிரியர் பெயரில்லாமல், 500 பிரதிகள் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்றது வெளிப்பட்டது. 1832இல் வந்த உடற்கூறியல் சட்டம் இந்தக் கள்ளச்சந்தைக்கு முடிவு கட்டிய வழி வேடிக்கையானது. ஏழைகள் விடுதியில் செத்து, கேட்பாரற்றுக் கிடக்கும் உடல்களை அறுக்கலாம் என்றது. அதுவரை கொலைகாரனுக்கு இருந்த தண்டனை அன்றுமுதல் ஏழைக்கு.

ஷெல்லியின் உயிரிக்குப் பெயர் கிடையாது, தகப்பன் ஏற்றுக்கொள்ளவில்லை, எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. தன் பிறப்பை அது தெரிந்துகொள்வதே ஒரு தாள் வழியாகத்தான். எடுத்துப் போட்டுக்கொண்ட சட்டையின் பையில் ஃபிராங்கன்ஸ்டைனின் ஆய்வுக் குறிப்புகள் இருக்கின்றன. எழுத்துக் கற்ற பிறகு அது அவற்றைப் படிக்கிறது. தமிழில் இந்த நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தந்தவர் புதுமைப்பித்தன். அவர் இதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை.

1847இல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மதகுருவின் வீட்டிலிருந்து இரண்டு நாவல்கள் ஆண் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டு வந்தன. அக்டோபரில் சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’, டிசம்பரில் எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’. இவற்றைப் புரிந்துகொள்ள அன்றைய திருமணச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் பெண்ணின் சட்ட உருவம் கணவனுக்குள் கரைந்துவிடும். அவளுடைய பணம், நகை, சம்பளம் எல்லாம் அவனுடையவை. அவளுடைய நிலத்தின் வருமானமும் அவன் கையில். அவன் சம்மதமில்லாமல் அவள் உயில் எழுத முடியாது. தன் பெயரில் வழக்குத் தொடர முடியாது. பணக்காரக் குடும்பங்கள் திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, பெண்ணின் சொத்தை அறங்காவலர்களிடம் வைத்து ஓரளவு காப்பாற்றிக்கொண்டன. மற்றவர்களுக்கு 1870, 1882 சட்டங்கள் வரும்வரை வழியில்லை.

‘வுதரிங் ஹைட்ஸ்’ 1801இல் ஒரு வாடகைக்காரர் வீட்டுச் சொந்தக்காரரைப் பார்க்கப் போவதில் தொடங்குகிறது. உடைந்த ஜன்னல் வழியே கைநீட்டும் குழந்தைப் பேய், புல்வெளி, வெறிகொண்ட காதல் எல்லாம் பிறகு வருபவை. அந்தச் சொந்தக்காரனான ஹீத்கிளிஃப் ஹைட்ஸ், கிரேஞ்ச் என்ற இரண்டு வீடுகளையும் எப்படித் தன் கைக்குக் கொண்டுவந்தான் என்பதை வாசகர்கள் அரைகுறையாகவே கவனிக்கிறோம். முழுதாகக் கவனித்தவர் சி. பி. சாங்கர் என்ற சொத்து வழக்கறிஞர். 1926இல் அவர் எழுதிய சிறு கட்டுரை இந்த நாவலைப் பற்றி வந்தவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது. அதில் ‘கற்பனையின் உச்சம்’ போன்ற சொற்களே இல்லை. வம்சாவளியும் தேதிகளும் வாரிசுச் சட்டமும்தான்.

கணக்கு இப்படிப் போகிறது. ஹைட்ஸின் வாரிசான ஹிண்ட்லி சூதாடிக் கடன்பட்டு அந்த வீட்டை அங்குலம் அங்குலமாக ஹீத்கிளிஃபிடம் அடமானம் வைக்கிறான். அவன் சாகும்போது வீடு கடன்காரனுக்குப் போகிறது. அடுத்த வீடான தி கிரேஞ்ச், அதன் சொந்தக்காரன் எட்கருக்கு மகன் இல்லாவிட்டால் அவன் தங்கை இசபெல்லாவின் வழிக்குப் போகும்படி எழுதப்பட்டது. ஆகவே ஹீத்கிளிஃப் இசபெல்லாவை மணக்கிறான். அவள் பெற்ற நோஞ்சான் மகன் லிண்டனுக்கு எட்கரின் மகள் கேத்தியை, வீட்டில் அடைத்துவைத்துக் கட்டிவைக்கிறான். கல்யாணமான நொடியில் கேத்தியின் பணம் லிண்டனுடையது. லிண்டன் சாகுமுன் அதை அப்பனுக்கு உயில் எழுதுகிறான். வயது வராதவன் எப்படி உயில் எழுதலாம் என்று கேட்கத் தோன்றும். சாங்கர் பதில் சொல்கிறார்: 1837 உயில் சட்டத்துக்கு முன்பு பதினான்கு வயது நிரம்பிய பையன் அசையும் சொத்தை உயில் எழுதலாம், நிலத்தை முடியாது. நாவலில் லிண்டன் நிலத்தைத் தொடுவதில்லை. 1840களில் உட்கார்ந்து எழுதிய எமிலி, கதை நடக்கும் காலத்தின் பழைய சட்டத்தைப் பிசகில்லாமல் எழுதியிருக்கிறார். கிரேஞ்ச் நிலத்தின் மீது ஹீத்கிளிஃபுக்கு உண்மையில் உரிமை உண்டா என்பது சந்தேகமே. ஆனால் கேத்தியிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. யார் வழக்குப் போடுவது?

இதற்கு நடுவே ஒரு காட்சி. சாகக் கிடக்கும் எட்கர், மகளின் பணத்தை அறங்காவலர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்று வக்கீல் கிரீனுக்கு ஆள் அனுப்புகிறான். வக்கீல் வரவில்லை. அவர் ஏற்கெனவே ஹீத்கிளிஃபுக்கு விலைபோனவர். எட்கரின் மூச்சு நின்ற பிறகு வந்து, வீட்டு வேலைக்காரர்களை வெளியேறச் சொல்கிறார். ஜன்னலில் கேட்ட பேயின் அழுகுரலைவிட இந்த வக்கீலின் தாமதம் எனக்கு அதிகம் குளிரெடுக்க வைக்கிறது.

‘ஜேன் அயர்’ இன்னும் நேராகவே செய்கிறது. தார்ன்ஃபீல்டு மாளிகையின் மூன்றாம் மாடியிலிருந்து சிரிப்பு கேட்கிறது, படுக்கை தீப்பற்றுகிறது, கல்யாண முக்காடு இரவில் கிழிகிறது. ஆவியா, வேலைக்காரியா என்று நாமும் ஜேனும் குழம்புகிறோம். விடை தேவாலயத்தில், திருமணச் சடங்கின் நடுவே வருகிறது. லண்டன் வக்கீல் பிரிக்ஸ் முன்னே வந்து, ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனில் மணமகன் ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே திருமணம் நடந்ததற்கான சான்றைப் படிக்கிறார். மாடியில் இருந்தது பேயல்ல, முதல் மனைவி பெர்த்தா. மூத்தவனுக்கே முழு நிலமும் என்று முடிவுசெய்த தகப்பன், இளையவனான ராச்செஸ்டரை 30,000 பவுன் சீதனத்துக்காக ஜமைக்காவுக்கு அனுப்பி மணமுடித்துவைத்த பெண். பெர்த்தாவை விலக்க ராச்செஸ்டருக்கு வழி கிடையாது. 1857க்கு முன் முழு மணவிலக்கு வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். பைத்தியம் அதற்குக் காரணமாக ஏற்கப்பட்டது 1937இல்தான். ஆகவே பெர்த்தா மாடியில் பூட்டப்படுகிறாள். பூட்டியது ராச்செஸ்டரின் கை, உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டைச் செய்துகொடுத்தது சட்டம்.

பிறகு, மடெய்ராவில் இறந்த சிற்றப்பன் ஜேனுக்கு 20,000 பவுன் விட்டுப்போயிருக்கிறார் என்ற செய்தி வருவதும் அதே பிரிக்ஸின் கடிதம் வழியாகத்தான். ஒரே வக்கீல் கல்யாணத்தை நிறுத்துகிறார், ஒரே வக்கீல் விடுதலையையும் கொண்டுவருகிறார். ஜேன் பணத்தைத் தனக்கும் உறவினர் மூவருக்குமாகச் சமமாகப் பங்கிட்டுவிட்டு, தன் 5,000 பவுனோடு, யாருக்கும் கடன்படாதவளாக ராச்செஸ்டரிடம் திரும்புகிறாள்.

இந்தக் கதையில் சார்லட் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ஜமைக்காத் தோட்டக்காரரின் 30,000 பவுன் யாருடைய உழைப்பு? 1833இல் அடிமைமுறையை ஒழித்தபோது பிரிட்டன் அடிமைகளின் எசமானர்களுக்கு 2 கோடிப் பவுன் இழப்பீடு ஒதுக்கியது, அடிமைகளுக்கு ஒன்றுமில்லை. டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் ‘வைடு சர்காசோ சீ’ எழுதி, பெர்த்தாவின் பக்கத்தைச் சொல்லும்வரை அந்தக் கேள்வி மாடியிலேயே கிடந்தது. காலனியிலிருந்து வந்த சொத்து வில்லங்கத்தோடு வரும் என்பதைக் காலின்ஸ் முன்பே மோப்பம் பிடித்திருந்தார். அவருடைய ‘தி மூன்ஸ்டோன்’ (1868) நாவலில் 1799 ஸ்ரீரங்கப்பட்டினக் கொள்ளையில் எடுத்த வைரம் உயில் வழியாக ஓர் ஆங்கிலப் பெண்ணின் பிறந்தநாள் பரிசாகிறது. வீட்டின் அமைதி அன்றோடு போகிறது.

காலின்ஸின் பெரிய சாதனை அதற்கு முந்தையது. ‘தி வுமன் இன் ஒயிட்’ 1859 நவம்பரிலிருந்து 1860 ஆகஸ்ட் வரை டிக்கன்ஸின் வார இதழில் தொடராக வந்தது. வெள்ளை உடையில் நள்ளிரவுச் சாலையில் திடீரென்று தோளைத் தொடும் பெண்ணை மறக்க முடியாது. ஆனால் நாவலின் முதல் கொடுமை வெளிச்சத்தில், வக்கீலின் மேசையில் நடக்கிறது. லாரா ஃபேர்லியின் 20,000 பவுன், அவள் குழந்தையின்றி இறந்தால் கணவன் சர் பெர்சிவலுக்குப் போகும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறார்கள். குடும்ப வக்கீல் கில்மோர் பதறுகிறார். எந்தத் தகப்பனும் இதற்குச் சம்மதிக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் லாராவின் காப்பாளரான சித்தப்பா ஃபிரெடரிக், தலைவலி வரக்கூடாது என்பதற்காக ஒப்புக்கொள்கிறார். ஒரு பெண்ணின் உயிருக்கு விலை குறித்தாயிற்று. குறித்தவர் சோம்பேறி, கொலைகாரர் அல்லர். கல்யாணத்துக்குப் பிறகு பெர்சிவல் மடித்த பத்திரத்தை நீட்டி, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி வைத்து, படிக்காமல் போடச் சொல்கிறான். லாரா மறுக்கிறாள். அதன் பின்னர்தான் அவளை உருவ ஒற்றுமையுள்ள இன்னொருத்தியோடு மாற்றும் சதி. அந்த இன்னொருத்தி லாராவின் பெயரில் புதைக்கப்படுகிறாள். லாரா அவள் பெயரில் மனநோய் விடுதிக்குப் போகிறாள்.

பழைய கோட்டையின் நிலவறைக்கு இங்கே உரிமம் பெற்ற விடுதி வந்துவிட்டது. அன்றைய சட்டப்படி ஒருவரைத் தனியார் விடுதியில் அடைக்க உறவினரின் விண்ணப்பமும் இரண்டு மருத்துவர்களின் சான்றும் போதும். கற்பனைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1858 ஜூனில் ஹெர்ட்ஃபோர்டு தேர்தல் மேடைக்கு முன் வந்து தன் கணவரைப் பழித்த ரோசினா, சில நாட்களில் மனநோய் விடுதியில் இருந்தார்; பத்திரிகைகள் கூச்சல் போட்ட பிறகு சில வாரங்களில் வெளியே விட்டார்கள். கணவர் எட்வர்ட் புல்வர்-லிட்டன், அன்றைய காலனி விவகார அமைச்சர், டிக்கன்ஸின் நண்பர், பேய்க்கதைகளும் எழுதியவர். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட பேய்வீட்டுக் கதை இன்றும் தொகுப்புகளில் வருகிறது. மனைவியின் கதையோடு ஒப்பிட்டால் அது சாதுவான கதை.

பெர்சிவலின் சொந்த ரகசியமும் ஒரு தாளில்தான் இருக்கிறது. அவன் பெற்றோர் சட்டப்படி மணமானவர்கள் அல்லர். பட்டமும் பண்ணையும் அவனுக்குச் சேராது. ஆகவே தேவாலயப் பதிவேட்டில் பக்கத்தின் அடியிலிருந்த வெற்றிடத்தில் பொய்த் திருமணம் ஒன்றை நுழைத்திருக்கிறான். இன்னொரு ஊரில் வைத்திருந்த நகலில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. கதாநாயகன் அந்த வெறும் இடத்தைப் பார்த்து அதிரும் பக்கம், எந்தப் பிணவறைக் காட்சிக்கும் சளைத்ததல்ல. பதிவேட்டை அழிக்கப் போன பெர்சிவல் தீயில் மாட்டிக்கொண்டு சாகிறான்.

லெ ஃபானுவின் ‘அங்கிள் சைலஸ்’ (1864) இதே தடத்தில் போகிறது. தகப்பன் தம்பியின் மீதுள்ள களங்கத்தைத் துடைக்க நினைத்து, மகள் மாடை அவன் பொறுப்பில் விட்டு உயில் எழுதுகிறார். அவள் வயதுக்கு வருமுன் இறந்தால் சொத்து அந்தத் தம்பிக்கு. பாசத்தில் எழுதிய உயிலே கொலைக்கான அழைப்பாகிறது. டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ (1852–53) தனி மாளிகையை விட்டுவிட்டு சான்சரி நீதிமன்றத்தையே பேய் மாளிகையாக்குகிறது. மூடுபனி அங்கிருந்துதான் கிளம்புகிறது. வாய்தா மேல் வாய்தாவாகத் தலைமுறைகளைத் தின்ற உயில் வழக்கு, கடைசியில் சொத்து முழுவதும் வழக்குச் செலவுக்கே போய்விட்டது என்ற ஒரே காரணத்தால் முடிகிறது. படிக்கத் தெரியாமலே காகிதங்களைச் சேர்த்துவைக்கும் குரூக், தானாகவே தீப்பற்றி எரிந்து கரியாகிறான். இது நடக்கக் கூடியதா என்று அன்றே சண்டை போட்டார்கள். டிக்கன்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்குக் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. 1844இல் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ நூலைத் திருடி அச்சிட்டவர்கள்மீது சான்சரியில் வழக்குப் போட்டு வென்றார். எதிரிகள் திவாலாகிவிட்டதால் வழக்குச் செலவு சுமார் 700 பவுன் அவர் தலையில் விழுந்தது.

என் வாதம் எல்லா இடத்திலும் செல்லாது. டிக்கன்ஸின் ‘தி சிக்னல்-மேன்’ (1866) கதையில் எந்தப் பத்திரமும் இல்லை. அதிலிருப்பது ரயிலின் பயம். முந்தைய ஆண்டு ஸ்டேபிள்ஹர்ஸ்ட் விபத்தில் அவரே ரயிலில் இருந்தார். லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ பெண்ணுக்குப் பெண்மீது வரும் ஈர்ப்பைப் பற்றியது. அதைச் சொத்துக் கதையாக வளைத்தால் கதை ஒடிந்துவிடும். இவற்றை விட்டுவிடுகிறேன்.

நூற்றாண்டின் கடைசியில் சட்டத்தாள் மனிதனின் உடலுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ (1886) என்றதும் மருந்துக் குப்பி நினைவுக்கு வரும். ஆனால் வக்கீல் அட்டர்சனின் தூக்கத்தைக் கெடுப்பது பெட்டகத்திலிருக்கும் உயில். ஜெக்கில் இறந்தாலோ மூன்று மாதத்துக்கு மேல் காணாமல்போனாலோ எல்லாம் ஹைடுக்கு. காணாமல்போனால் என்று எவன் உயில் எழுதுவான்? குழந்தையை மிதித்துவிட்டு ஹைடு கொடுத்த காசோலையில் ஊரறிந்த பெரியவரின் கையெழுத்து. போலி என்று நினைத்தால் வங்கி செல்லும் என்கிறது. அட்டர்சனின் குமாஸ்தா இருவரின் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சாய்வு மட்டும்தான் வேறு, கை ஒன்றே என்கிறார். இரட்டை மனிதன் முதலில் பிடிபடுவது எழுத்தில்தான்.

ஆஸ்கர் வைல்டின் ‘டோரியன் கிரே’ 1890இல் இதழில் வந்தபோது ஐந்தாண்டுக்கு முந்தைய ஒரு சட்டம் ஆண்களுக்கிடையிலான உறவைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி, மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு வழி திறந்திருந்தது. கொலை செய்த டோரியன் பழைய நண்பனைப் பிணத்தை அழிக்கச் சம்மதிக்கவைப்பது ஓர் உறையைக் காட்டித்தான். அதில் என்ன இருக்கிறது என்று வைல்டு சொல்லவில்லை; வாசகர்களுக்குத் தெரியும். 1895இல் நீதிமன்றத்தில் இந்த நாவலையே அவருக்கு எதிராகப் படித்தார்கள்.

ஸ்டோக்கரின் முதல் நூல் அயர்லாந்தின் சிறு நீதிமன்றக் குமாஸ்தாக்களுக்கான கையேடு, 1879இல் வந்தது. படிப்பதற்கு வறட்சியான நூல். ‘டிராகுலா’ (1897) அதே குமாஸ்தா மூளையின் இன்னொரு விளைவு என்று எனக்குப் படுகிறது. திரான்சில்வேனியாவுக்குப் போகும் ஹார்க்கர் வீர சாகசத்துக்குப் போகவில்லை. பர்ஃபிளீட்டிலுள்ள கார்ஃபாக்ஸ் வீட்டுக் கிரயத்தை முடிக்கப் போகும் இளம் வக்கீல். பிரபுவின் நூலகத்தில் இங்கிலாந்து வழக்கறிஞர்களின் பட்டியல் நூலைப் பார்த்து மகிழ்கிறார். ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வக்கீல்களை வைத்துக்கொள்ளலாமா என்று டிராகுலா கேட்கிறார். எந்த வக்கீலுக்கும் முழு விவரம் தெரியக் கூடாது என்பது அவர் எண்ணம். இரத்தம் குடிப்பதைவிட இது நவீனமான தந்திரம். ஐம்பது மண்பெட்டிகள் சரக்காக லண்டனுக்கு வருகின்றன. வேட்டைக்காரர்கள் அவற்றைக் கண்டுபிடிப்பது சிலுவையால் அல்ல. வண்டிக் கம்பெனிகளின் ரசீதுகளால், வீட்டுத் தரகர்களின் கடிதங்களால், கூலியாட்களுக்கு வாங்கிக் கொடுத்த பானங்களால். ஹார்க்கரின் மனைவி மீனா எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குகிறாள். ஆனால் கடைசிக் குறிப்பில் ஹார்க்கர் ஒப்புக்கொள்கிறார்: இத்தனை காகிதத்தில் அசல் ஆவணம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவுமில்லை, எல்லாம் தட்டச்சுப் பிரதி. இங்கிலாந்துக்குள் நுழைய டிராகுலாவுக்கு முறையான பத்திரம் இருந்தது. அவரைக் கொன்றவர்களிடம் நீதிமன்றத்தில் காட்ட ஒன்றுமில்லை.

ஸ்டோக்கர் தன் பத்திரத்தில் கவனமாக இருந்தார். நாவல் வெளியாவதற்கு எட்டு நாள் முன்பு, 1897 மே 18 அன்று, நாடக உரிமையைக் காப்பதற்காகவே லைசியம் அரங்கில் கதையை மேடையில் படிக்கவைத்தார். அவர் இறந்த பிறகு, 1922இல், எஃப். டபிள்யூ. முர்னாவ் அனுமதி பெறாமல் பெயர்களை மாற்றி ‘நொஸ்ஃபெராட்டு’வை எடுத்தார். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் ஜெர்மனியில் வழக்குத் தொடர்ந்தார். 1925இல் நீதிமன்றம் படத்தின் எல்லாப் பிரதிகளையும் அழிக்க உத்தரவிட்டது. இன்று நாம் பார்க்கும் படம் அந்த உத்தரவுக்குத் தப்பிய பிரதிகளிலிருந்து வந்தது.